அம்பு மட்டும் நகருது

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் வர
ஆறு நாள் இருக்கையில்
கொரடாச்சேரி கூட்டுறவுச் சங்கத்திலிருந்து
தையல்நாயகி போன் செய்தாள்:
"படம் நின்னு போச்சு சார்.
அம்பு மட்டும் நகருது."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு
நான் கடன்பட்டவன்.
மற்றவர்கள் 'ஹேங்' என்பதோடு முடித்துக்கொள்வார்கள்,
பவர் பட்டனை அழுத்திப் பிடித்து
ஐந்து வரை எண்ணுவார்கள்.
இவள் பார்த்திருக்கிறாள்:
புல வரைபடம் உறைந்த பிறகும்
அதன் மேல் வெள்ளை அம்பு
சர்வே எண்களைத் தாண்டித் தாண்டி
ஈ மாதிரி அலைவதை.

அம்புக்குத் தனி வாய்க்கால்.
படம் வரைகிற சில்லிடம் அது அனுமதி கேட்பதில்லை.
ஆகவே திரை சாகவில்லை, ஒயர் சாகவில்லை.
கட்டளைகள் சுற்றிவரும் வளையத்தில்
எதுவோ ஒன்று
தொண்டையில் நிற்கிறது.

பதினெட்டு வருஷத்துப் பெட்டி.
"புதுசு கேட்டு எழுதியிருக்கோம்" என்றார் செயலாளர்.
எழுதிய வருஷத்தைச் சொல்லவில்லை.
உரச் சாக்கில் சுற்றி, பைக் டேங்கின் மேல் அணைத்து,
லெட்சுமாங்குடிப் பாலம் தாண்டி
கூத்தாநல்லூர் கொண்டுவந்தேன்.
மழை என் முதுகை நனைத்தது,
அதை நனைக்கவில்லை.

முதல் இரவு:
ஒவ்வொரு அடியையும் பதிவு செய்யச் சொன்னேன்.
உறையவே இல்லை.
டாக்டர் வாசலில் பல்வலி போவது மாதிரி.
பதிவை நிறுத்தினேன்,
நாலாம் நிமிஷம் உறைந்தது.

"இந்தச் சில்லை உலகத்தில எத்தனை பேர் வச்சிருக்காங்க?"
பால் இல்லாத டீயை வைத்துவிட்டுக் கேட்டாள் ரஹ்மத்துன்னிசா.
எனக்குத் தெரிந்து ஒன்பது பேர் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. டம்ளரின் கீழே
ஒரு காகிதத்தைச் செருகிவிட்டுப் போனாள்.
கரண்ட் பில்.

தலை படித்துக்கொண்டே போகும்.
வால் எழுதிக்கொண்டே போகும்.
வளையம் என்பதால்
முன்னால் எழுதிப் போன வால்தான்
சுற்றிவந்து தலையின் முதுகில் மூச்சு விடும்.

வாய்க்கால் என்று சொன்னேனே, தவறு.
வெண்ணாற்று ஊர்க்காரனுக்கு
வாயைத் திறந்தால் மடையும் மதகும்தான்.
தண்ணீர் நின்றால் தேங்கும், வழியும்,
பக்கத்து வயல்காரன் வந்து கத்துவான்.
இது அப்படியில்லை.
நின்றது நின்றதுதான்.
ஈரம்கூடக் கிடையாது.

பதினொரு முறை உறைந்தது.
பதினொன்றையும் மகளின் கணக்கு நோட்டின்
கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
தலை இங்கே, வால் இங்கே.
நாலாம் இரவு மூன்று மணிக்கு
கரண்ட் போய், இன்வெர்ட்டர் முனக,
எண்களை அறுபத்து நாலு அறுபத்து நாலாகப்
பாத்தி பிரித்துப் பார்த்தேன்
(மறுபடி பாத்தி, மன்னிக்கவும்).
பதினொன்றிலும்
வால் தலையின் பாத்திக்குள்ளேயே
வந்து உட்கார்ந்திருந்தது.

எட்டு பைட் இடைவெளி போதும் என்று
யாரோ எப்போதோ எழுதிவைத்திருக்கிறார்கள்.
போதாது.
எட்டை அழித்து அறுபத்து நாலு போட்டேன்.
நான்கு இரவு, ஓர் எண்.
எழுத்தில் பார்த்தால்
திருத்தம் என்றே தெரியாது,
எழுத்துப்பிழை மாதிரி இருக்கும்.

கடைசி நாளுக்கு முந்தின நாள்
சங்க வாசலில் குடையும் அடங்கலுமாக வரிசை.
தையல்நாயகி வரைபடத்தை
மேலே கீழே, மேலே கீழே
நூறு தடவை இழுத்தாள்.
முதல் ஆள் பொறுமை இழந்து
"என் வயலை எங்கம்மா இழுத்துட்டுப் போற?" என்றார்.

திருத்தத்தோடு ஒரு வரி சேர்த்தனுப்பினேன்:
சோதித்தவர், தையல்நாயகி.
தெரிந்ததும் கேட்டாள்,
"இனிஷியல் போடலையா?"
போட்டு மறுபடி அனுப்பினேன்.

நேற்று மீண்டும் போன்.
"படம் நல்லா ஓடுது சார்.
இப்ப அம்பு நின்னு போச்சு."
மவுஸ் ஒயரை எலி கடித்திருக்கிறது.
நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்,
முனையிலிருந்து ஒரு சாண்,
சிவப்பு அறுந்திருக்கு,
பச்சை அறலை.